மூக்குக்குப் பங்காளிகள்

ஜெர்மனியில் வாடகை வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போதே ஜன்னல் திறக்கும் சாஸ்திரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கைப்பிடி கீழே பார்த்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் திருப்பினால் கதவு முழுசாக உள்பக்கம் திறக்கும். மேலே திருப்பினால் தலையை மட்டும் சாய்த்து ஒரு கை அகலத்துக்கு வழிவிடும். இந்த மூன்றாவது முறை சோம்பேறிகளுக்கானது, வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. பனி கொட்டினாலும் சரி, தினமும் இரண்டு மூன்று தடவை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் வீட்டை மூச்சுவிட வைக்கவேண்டும். ஸ்டோஸ்லூஃப்டன் என்பார்கள். செய்யாவிட்டால் சுவரில் ஈரம் கோத்துக் கறுப்பாகப் பூஞ்சை படரும். பூஞ்சை வந்தால் பின்னாலேயே கடிதம் வரும். ரசம் கொதித்து, இட்லி வெந்து, பருப்பு மூன்று விசில் விடுகிற எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோன வீட்டுக்காரர், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைப் பரிசாகவே கொடுத்துவிட்டுப் போனார். அது இன்றும் ஹாலில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறது.

ஹனோவரில் எங்கள் சமையலறை, கும்பகோணத்து வீட்டின் பூஜை அறை அளவு. ஜன்னல் உள்பக்கம் திறந்தால் அதன் விளிம்பு, அடுப்புக்கு முன்னால் நிற்பவன் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். டிசம்பர் மாதம். வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் சடாரென்று திரும்பினேன். ஜன்னல் திரும்பவில்லை.

ரத்தம் வந்தது, நின்றது. கண்ணாடியில் பார்த்தால் என் மூக்கு இடப்பக்கத்து வீட்டை வேவு பார்த்துக்கொண்டிருந்தது. "ஏங்க, வலிக்குதா?" என்று கேட்ட மனைவி, நான் வாயைத் திறப்பதற்குள் குக்கரை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, அதைத் தடவியும் பார்த்துவிட்டாள். "நல்லவேளை, கண்ணாடி விரிசல் விடலை." வாடகை வீட்டில் எது உடையலாம், எது உடையக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிரவு பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் வெளிக்கோணலைக் கண்டுகொள்ளவே இல்லை. விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. கட்டியிருந்தால் உடனே கீறி எடுக்கவேண்டுமாம். விட்டுவிட்டால் குருத்தெலும்புக்குப் போஷாக்கு போகாமல் அது கரைந்து, மூக்கின் நடுவே பள்ளம் விழுந்துவிடுமாம். எனக்குக் கட்டவில்லை. வீக்கம் வடிந்ததும், ஒடிந்த எலும்பு சேர்ந்து இறுகுவதற்கு முன்னால், ஒன்றிரண்டு வாரத்துக்குள் தள்ளி உட்காரவைக்கவேண்டும். வைத்தார்கள். எலும்பு பாதி சொன்னபடி கேட்டது. குருத்தெலும்பு கேட்கவே இல்லை. "இனி எல்லாம் ஆறி இறுகட்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதுவரை மூக்கு என் சுயார்ஜிதச் சொத்து என்றுதான் நினைத்திருந்தேன். பங்காளிகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். யாருக்காவது அடிபட்டு வைத்தியம் நடந்தால், வேறு எவர் தலையிலாவது செலவைக் கட்டமுடியுமா என்று பார்ப்பதற்கு இங்கே ஒரு கேள்வித்தாள் அனுப்புவார்கள். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது? வேலையிடத்திலா, வீட்டிலா? வேறு ஒருவருக்கு இதில் பொறுப்பு உண்டா? ஏதாவது பிராணி காரணமா? நான் நாற்காலியில் உட்கார்ந்து நேர்மையாக யோசித்தேன். ஜன்னலைத் திறக்கச்சொல்லிக் கடிதம் போட்ட வீட்டுக்காரர் இருக்கிறார். திறந்த மனைவி இருக்கிறாள். விசிலடித்த குக்கர் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் சமூகக் காப்பீட்டுச் சட்டம் குடும்பஸ்தன் மனசு தெரிந்து எழுதப்பட்டது. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர் தெரியாத்தனமாகச் செய்த தீங்குக்கு அவரிடம் பணம் கேட்கக்கூடாது, வேண்டுமென்றே செய்திருந்தால்தான் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது.

"வேணும்னு திறந்தியா?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

கேள்வித்தாளில் 'எவருமில்லை' என்று எழுதி அனுப்பினேன். பிராணி என்ற கட்டத்தின் மேல் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த பங்காளி அம்மா. வலது துவாரம் அடியோடு அடைத்துவிட்டதால் என் பேச்சில் மகரமும் னகரமும் காணாமல் போயிருந்தன. ஜெர்மனியிலேயே சுத்தமான ஜெர்மன் பேசுகிற ஊர் என்று ஹனோவர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த ஊரில் நான் தினமும் ஆபீஸில் நுழைந்து "குட்டட் போர்கட்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போன் போட்டு "அம்மா" என்றால் "அப்பா" என்றுதான் வந்தது. "அவர் கடைக்குப் போயிருக்கார்டா" என்று அம்மாவும் சாதாரணமாகப் பதில் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து விஷயம் விளங்கியதும் வைத்தியம் ஆரம்பமானது. நொச்சி இலை போட்டு ஆவி பிடி. ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி முகர்ந்து பார். படுக்கும்போது நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விடு. ஹனோவரில் நொச்சிக்கு எங்கே போவேன்? ஓமம் மட்டும் கிடைத்தது. சளிக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. வளைந்த சுவரை ஓமம் நிமிர்த்துமா என்று அம்மாவிடம் கேட்கிற தைரியம்தான் எனக்கு இல்லை.

மருந்துக்கடையில் சொட்டு மருந்து உண்டு. ஸைலோமெட்டாஸோலின். விட்ட கொஞ்ச நேரத்தில் அணை திறந்த மாதிரி காற்று வரும். ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள் என்று பெட்டியிலும் போட்டிருக்கிறது, கொடுக்கிற பெண்ணும் சொல்கிறாள். தொடர்ந்து விட்டால் மருந்து இறங்கியதும் உள்சதை முன்னைவிட அதிகமாக வீங்கி, மூக்கு அந்தச் சொட்டுக்கு அடிமையாகிவிடுமாம். எனவே நான் கன்னத்துக்கு மாறினேன். வலது கன்னத்தை விரலால் காதுப் பக்கம் இழுத்தால் துவாரம் விரிந்து கொஞ்சம் மூச்சு வரும். அமெரிக்க மூக்கு டாக்டர் மாரிஸ் காட்டில் பெயரில் இது ஒரு பரிசோதனை முறையாகவே இருக்கிறது. இழுத்தால் மூச்சு சுலபமாகிறதா என்று பார்த்துச் சந்து எங்கே குறுகியிருக்கிறது என்று அனுமானிப்பார்கள். டாக்டர் ஒரு நிமிடம் செய்ததை நான் நாள் முழுக்கச் செய்தேன். வீடியோ மீட்டிங்கில் கன்னத்தை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, நல்ல பல் டாக்டர் ஒருவரின் முகவரியை மேலதிகாரி அனுப்பிவைத்தார்.

எங்கள் தாத்தா வாசல்படி தாண்டுமுன் மூக்கடியில் புறங்கையை வைத்துச் சரம் பார்ப்பார், எந்தத் துவாரத்தில் மூச்சு ஓடுகிறது என்று. திங்கள், புதன், வெள்ளி இடது மூச்சு. செவ்வாய், சனி, ஞாயிறு வலது. வியாழனுக்கு மட்டும் வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்கவேண்டும். திருமந்திரத்திலேயே வாரசரம் என்று ஒரு பகுதி இதற்காக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் செவ்வாயும் சனியும் ஞாயிறும் நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்கக்கூடாது. சனிக்கிழமை காய்கறிச் சந்தைக்குப் போகச்சொன்னபோது இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். "சரம் இல்லாட்டி பரவாயில்லை, பஸ் இருக்கு" என்று பையைக் கொடுத்தாள்.

மூக்கு இடமும் வலமுமாக முறைபோட்டு வேலை செய்வது உண்மைதான். உள்ளே இரண்டு பக்கமும் தொங்கும் சதைத் திட்டுகளில் ஒருபக்கம் ரத்தம் நிறைந்து வீங்கும்போது மறுபக்கம் சுருங்கி வழிவிடும். சில மணி நேரத்தில் முறை மாறும். 1895ல் ரிச்சர்ட் கைஸர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிவைத்தார். நல்ல மூக்கு உள்ளவனுக்கு இந்த ஷிஃப்ட் மாறுவதே தெரியாது. எனக்கு இடப்பக்கத்து முறை முடிந்து வலப்பக்கத்துக்கு மாறும் நேரம் பெரும்பாலும் நடு ராத்திரி. டியூட்டிக்கு ஆள் வராததால் வாய் வேலைக்கு இறங்கும். அப்போது எழும் சத்தத்தை மனைவி ஒருநாள் போனில் பதிவு செய்து காலைக் காபியோடு போட்டுக் காட்டினாள். யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜாக்கிரதையாகத்தான்.

ஆபரேஷன் தேதி குறித்த செய்தி ஊருக்குப் போனதும் தாய்மாமா வாட்ஸப்பில் இறங்கினார். "மாப்ளே, சுஸ்ருதர் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி செஞ்சது இது. நம்மகிட்டயிருந்து திருடினவன்கிட்டயே போய் மூக்கை நீட்டுறியே?" மாமா அனுப்பும் செய்திகளில் பாதி உடான்ஸ். இது அந்த ரகமில்லை. 1792ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனே பக்கம் பரம்பரையாக இந்தத் தொழில் செய்த ஒருவர் மெழுகில் மூக்கு பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவு வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். புருவ நடுவில் மட்டும் ஒட்டு விட்டு, தோலைத் திருகிக் கீழே இறக்கி மூக்காக்கிவிட்டார். மயக்க மருந்தே இல்லாத காலம். படத்தோடு இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மாகஸினில் வந்தது. அன்றைக்கு அங்கே ராஜா மூன்றாம் ஜார்ஜ். அவர்தான் ஹனோவருக்கும் அதிபதி. ஆகவே எங்கள் ஊருக்கும் இதில் ஒரு மூலைப் பங்கு உண்டு. அதைப் படித்துத்தான் 1814ல் கார்ப்யூ என்ற டாக்டர் லண்டனில் செய்துபார்த்தார். பெர்லினில் கிரேஃபே கையில் எடுத்து 1818ல் புத்தகமே போட்டார். பின்னால் அதே பெர்லினில் ஜாக் ஜோசஃப் வந்து, 1898 முதல் மூக்கின் வடிவத்தைத் திருத்துவதையே தனி வித்தையாக்கினார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கெல்லாம் முகம் கொடுத்தவர் அவர். ஊரார் அவரை 'மூக்கு ஜோசஃப்' என்றே கூப்பிட்டார்கள். யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934ல், இறந்துபோனார். இதையெல்லாம் மாமாவுக்கு எழுதி, "நம்ம ஆள் கொடுத்த முதலுக்கு நான் வட்டி வசூலிக்கப் போறேன், மாமா" என்று முடித்தேன். நீல டிக் விழுந்தது. பதிலுக்கு மூக்கறுபட்ட சூர்ப்பணகை படம் ஒன்று வந்தது.

ஆபரேஷனுக்குமுன் கிளினிக்கில் முன்னால், பக்கவாட்டில், அண்ணாந்து என்று போட்டோ எடுத்தார்கள். அடிபடுவதற்கு முந்தைய படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். மனைவி நாலைந்து கிலோ எடையுள்ள கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்தாள். இவர் மூக்கும் முழியுமாக இருந்தவர், ஜன்னல்தான் கெடுத்துவிட்டது என்று நிரூபிக்கத்தான். டாக்டர் ஆல்பத்தைப் பொறுமையாகப் புரட்டினார். தாலி கட்டும் படத்தில் நிறுத்தினார். ஒரு ஸ்கேலை எடுத்து என் நெற்றி நடுவிலிருந்து மோவாய் வரை வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதிலும் கொஞ்சம் இடதுபக்கம்தான் இருக்கிறது" என்றார். மனைவி ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நான் சுவரிலிருந்த காதின் குறுக்குவெட்டுப் படத்தில் மூழ்கினேன். "பெண் பார்க்க வந்தப்போ முழு நேரமும் சைடுல திரும்பி உக்காந்திருந்தீங்களே, அது இதுக்குத்தானா?" என்று தமிழில் கேட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

கோணலுக்கு வக்காலத்து வாங்க எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1913ல் திறந்த ஹனோவர் புதிய நகரமன்றத்தின் கோபுரத்தில் உள்ள லிஃப்ட் நேராக ஏறாது. மாடத்தின் வளைவோடு 17 டிகிரி வரை சாய்ந்துகொண்டே உச்சிக்குப் போகும். அதைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். "உங்க மூக்குக்கும் டிக்கெட் போடலாம்" என்பதோடு மனைவி அந்த வாதத்தை முடித்துவிட்டாள்.

அழகா, மூச்சா என்பதில் இங்கே கணக்கு கறார். உள்சுவரை நிமிர்த்தி மூச்சுக்கு வழிசெய்ய காப்பீடு கொடுக்கும். அடிபட்டதால் வெளிமூக்கும் கோணி, அதை நிமிர்த்தாமல் உள்ளே நிமிராது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அதற்கும் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் பங்கு நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்தில் 28 நாள் வரைதான். "அப்படியே அந்த நுனியையும் கொஞ்சம் தட்டிவிட முடியுமா?" என்று மனைவி கேட்டாள். முடியும். ஆனால் அது அழகுக் கணக்கில் போகும். முழுச் செலவும் நம் கையிலிருந்து, அதன்மேல் 19 சதவீத வரி வேறு. மூச்சுக்கு வரி இல்லை. நுனி தப்பித்தது. எங்கள் பெண்ணுக்கு மட்டும் இதில் திருப்தி. அந்த நுனி அவளுக்கும் வந்திருக்கிறது, வாரிசுரிமை.

ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்ன கெடுதல் வரலாம் என்று விலாவாரியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். ரத்தம் போகலாம், மோப்பம் குறையலாம், மறுபடி வளையலாம். நடுச்சுவரில் ஓட்டை விழுந்தால் மூச்சு விடும்போது விசில் சத்தம் வரலாம். ஏற்கெனவே ஒரு விசிலால் வந்த வினை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அபூர்வமாகத்தான் நடக்கும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். மயக்க மருந்து டாக்டர் "குறட்டை விடுவீர்களா?" என்று என்னைத்தான் கேட்டார். மனைவி போனை எடுத்தாள்.

உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. எலும்பை மெல்லிய உளியால் பிளந்து, தளர்த்தி, நேராக நிறுத்துவது ஒரு பாதி. இன்னொரு பாதி, வளைந்த நடுச்சுவர். ரொம்ப மோசமாக வளைந்திருந்தால் அதை முழுசாகவே வெளியே எடுத்து, மேஜையில் வைத்து, வெட்டி நேராக்கி, தைத்து, மறுபடி உள்ளே பொருத்தும் முறை ஒன்று உண்டு. ஸ்டுட்கார்ட்டில் வொல்ஃப்காங் குபிஷ் என்ற டாக்டர் அதில் பெயர் வாங்கியவர். என் சுவருக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது. கொஞ்ச நேரம் என் மூக்கின் நடுப்பகுதி என்னிடமில்லாமல் ஒரு மேஜையில் தனியாக இருந்திருக்கிறது.

கண்விழித்தபோது மூக்கின்மேல் கெட்டித் தகடு, உள்ளே இருபுறமும் தைத்துவைத்த சிலிக்கான் பட்டைகள், கண்ணைச் சுற்றி ஊதா நிறம். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை பார்க்க வந்தார். எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்தவர், எங்களுக்கு எல்லாவற்றிலும் முன்னோடி. "தம்பி, ஒப்பரேசன் எல்லாம் ஒண்டுமில்லை. இவங்கட பின்னேரச் சாப்பாட்டை நினைச்சால்தான் எனக்குப் பயம்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, தட்டு வந்துவிட்டது. மாலை ஐந்தரைக்கு இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி, ஒரு சீஸ் தகடு, ஊறிய வெள்ளரிக்காய், பெப்பர்மின்ட் டீ. எல்லாம் ஜில்லென்று. அண்ணை சட்டைக்குள்ளிருந்து புட்டுப் பொட்டலத்தை எடுத்தார். எனக்கு அதன் வாசனைகூடத் தெரியவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்மவேண்டும். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், உப்புநீரால் கழுவிக் களிம்பு போடவேண்டும். மூக்குக் கண்ணாடியைச் சில வாரம் மூக்கில் வைக்கக்கூடாது. நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டேன். ஜெர்மன் தாளை நான் தமிழில் சத்தமாகப் படித்துக்காட்டியபோது குனிவதோடு வாக்குவம் கிளீனரும், கனத்தோடு காய்கறிப் பையும், உப்புநீரோடு பாத்திரம் கழுவும் தண்ணீரும் இயல்பாகவே சேர்ந்துகொண்டன. இரண்டு நாள் ராஜவாழ்வு. மூன்றாம் நாள் பெண் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். "அப்பா, இதுல பாத்திரம்னு எங்கயும் இல்லையே?" ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் வாசிப்புப் பயிற்சி கொஞ்சம் அதிகம்தான்.

தும்மலுக்குப் பயந்து வீட்டில் தாளிப்பு நின்றது. வரமிளகாய் எண்ணெயில் விழுந்தால் அந்த நெடிக்கு அடுத்த அறையிலிருப்பவன்கூடத் தும்முவான், தைத்த மூக்கு என்ன ஆகும்? தாளிக்காத பருப்பு, தாளிக்காத ரசம். பிள்ளைகளுக்கு தினமும் பாஸ்தா என்பதால் என் மூக்கு இன்னும் ஒரு மாதம் ஆறாமலிருக்கட்டும் என்று அவர்கள் வேண்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்துப் பட்டைகளை உருவினார்கள். ஒரு மூக்குக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி. முதல் மூச்சை இழுத்தேன். நெற்றிக்குள்ளேயே யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி காற்று சில்லென்று ஏறியது. "அம்மா" என்றேன். அம்மா என்றே வந்தது. மூக்கு நேராகிவிட்டதா என்றால், ஆகிவிட்டது. முழு வீக்கமும் வடிய ஒரு வருடம் ஆகுமாம். கல்யாண ஆல்பத்தில் இருப்பதைவிட நேராக இருப்பதாக மனைவி ஒப்புக்கொண்டாள். மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "பழசே கம்பீரமா இருந்துச்சு" என்றார்.

வாசனை கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. காபி, ஈரக்கோட்டு, டிராமில் பக்கத்தில் நிற்பவரின் வெங்காயம், பிள்ளையின் விளையாட்டு ஷூ. வீட்டில் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தவை எல்லாம் தெரிய ஆரம்பித்தன. அதைவிட மோசம், எனக்குத் தெரிகிறது என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. "ஏங்க, இந்தப் பால் திரிஞ்சிருக்கா பாருங்க." "அப்பா, இந்தச் சட்டையை இன்னொரு நாள் போடலாமா?" "சாம்பார் அடி பிடிச்சுதா, எதிர்வீட்டுல பிடிச்சுதா?"

அண்ணைக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. வாராவாரம் கருவாடு பொரிக்கிறவர், மாடிப்படியில் மணக்கிறது என்று யாரோ முறையிடுவார்களோ என்று வருஷக்கணக்காக உள்ளூரப் பயம் அவருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "தம்பி, நான் இப்ப சட்டியில போட்டிட்டன். ஒருக்கா படியில நிண்டு மணக்குதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

நின்றேன். இழுத்தேன். புது மூக்கு, பழுதில்லாமல் வேலை செய்தது.

"மூணாவது மாடியில இருக்கு அண்ணை. ரெண்டாவதுல லேசா."

"அப்ப கீழ முதலாம் மாடிக்கும் ஒருக்கா போய்ப் பாருங்கோவன்."

இறங்க ஆரம்பித்தேன். மேலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கீழதானே போறீங்க? இந்தக் குப்பை வாளியையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எது மக்கும் எது மக்காதுன்னு முகர்ந்து பார்த்தே பிரிச்சிடுவீங்க!"